வாஷர் கம்பெனிக்கு அலெக்சாண்டரைக் கூட்டி வந்தவர்

செய்தி வந்தபோது நான் நூம்பலில் என் மெஸ்ஸில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மோகன் போன் செய்தான். எங்கள் பழைய கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவன், இப்போது ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

"யக்கா, ஏகாம்பரம் சார் பூட்டாருக்கா. காலைல டீ குடிச்சிகினு இருந்தாராம். அப்டியே சாஞ்சிட்டாராம்."

"எந்த ஏகாம்பரம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவர் ஒரே ஏகாம்பரம்தான். இருந்தும் வாய் அப்படித்தான் கேட்டது.

"இன்னாக்கா, நம்ம அலெக்சாண்டர் சாரு."

போனை வைத்துவிட்டு மீதிக் கீரையையும் ஆய்ந்து, கழுவி, தட்டில் பரப்பினேன். அதற்கப்புறம்தான் அழுதேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அழுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே படிப்பதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். மேனேஜராக இருந்தவர்கள் எல்லாம் இருக்க, கேன்டீன் நடத்திய காந்திமதியை ஏன் எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீதான்கா அவர்கூட அதிகமா சண்டை போட்டது" என்றான் மோகன். காரணம் சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். திரு. ஏகாம்பரம் அவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில், நட்டுக்கு அடியில் போடும் ஓட்டைத் தகடான வாஷர் செய்யும் எங்கள் கம்பெனியின் பர்சனல் ஆபீசராக இருந்தார். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பா ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை. சரித்திரத்தில் எம்.ஏ. படித்தார். கல்லூரியில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து, கிடைக்காமல், வாஷர் கம்பெனிக்கு வந்தார். அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. உயரமான மனிதர், அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. மனைவி பார்வதி அம்மாள். பிள்ளைகள் இல்லை.

முதல் சண்டை நான் காண்ட்ராக்ட் எடுத்த புதிதிலேயே வந்தது. எங்கள் கேன்டீனில் சாப்பாட்டுக்கு டோக்கன். தாமோதரன் முதலாளி சிக்கனக்காரர். டோக்கனுக்கென்று தனியாகச் செலவு செய்யாமல், சைஸ் தப்பி ஒதுக்கிய பித்தளை வாஷரில் தன் பெயரின் முதல் எழுத்தான 'தா' என்பதை அடித்துக் கொடுத்துவிட்டார். வருகிறவர்கள் டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தட்டை எடுப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் டோக்கன்களை ஒரு கம்பியில் கோத்து நான் ஆபீசில் கொடுப்பேன். அதை வைத்துத்தான் எனக்குப் பில் பாஸாகும். நடுவில் ஓட்டை இருப்பதால் கோப்பது சுலபம்.

தினமும் மத்தியானம் ஏகாம்பரம் சார் வந்து அந்தக் கம்பியை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு டோக்கனாகப் பார்ப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நான் என்ன சார், கள்ள டோக்கன் அடிச்சுக் கோக்கறேன்னு நெனச்சீங்களா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "ஐயோ, அது இல்ல காந்திமதி அம்மா. எந்த டோக்கன் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்கறேன். இது பாருங்க, எழுத்து கிட்டத்தட்ட மறைஞ்சு போச்சு. ஆனா யாரும் இதை வேணாம்னு சொல்லல, நீங்களும் சாப்பாடு போடறீங்க. எழுத்தே இல்லாம எப்படிங்க செல்லுது?"

"வாஷர்னு தெரியுது, நம்ம வாஷர்னு தெரியுது. போட்டாச்சு. எனக்கு என்ன, படிச்சுப் பாத்தா சோறு போடறேன்?"

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினார். "ரெண்டாயிரத்து முன்னூறு வருஷமா எல்லாரும் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லிட்டீங்க." பிறகு அரை மணி நேரம் அலெக்சாண்டரைப் பற்றிப் பேசினார். என் பாத்திரமெல்லாம் காய்ந்து போனது.

அவருடைய பைத்தியம் இதுதான். அலெக்சாண்டர் இறந்த பிறகு அவர் ராஜ்ஜியத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கிரேக்க ராஜாக்கள், அவர்கள் அடித்த வெள்ளிக் காசுகள். இந்தியாவில் எவ்வளவோ காசுகள் இருக்க அது ஏன் என்று எல்லோரும் கேட்போம். "நம்ம ராஜாக்கள் மீன், புலி, வில்லுன்னு சின்னம் போட்டாங்க. இவங்கதான் தன் மூஞ்சியையே போட்டுக்கிட்டாங்க. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், எவ்வளவு பயம் வேணும், யோசிச்சுப் பாருங்க" என்பார். அவரிடம் அந்தக் காசு ஒன்றுகூடக் கிடையாது. வாங்கும் வசதியும் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த புத்தகங்களும் ஜெராக்ஸ் எடுத்த படங்களும்தான் இருந்தன. சாப்பாட்டு மேசையில் சாம்பார் படாத மூலையாகப் பார்த்து அந்தப் படங்களை விரித்து வைப்பார்.

"சார், உங்க ராஜா இன்னிக்கு இன்னா பண்ணாரு?" என்று மோகன் வம்புக்கு இழுப்பான். அவருக்கு அது வம்பு என்று புரியும். புரிந்தாலும் பதில் சொல்வார். அலெக்சாண்டர் சார் என்ற பெயர் அப்படி வந்தது.

அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். அலெக்சாண்டர் சின்ன வயதிலேயே செத்துப்போனார். வாரிசு என்று ஒரு புத்தி சரியில்லாத அண்ணனும், அப்புறம் பிறந்த ஒரு குழந்தையும். தளபதிகள் ஆளுக்கொரு தேசத்தைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஆனால் அத்தனை பேரும் காசு மட்டும் அலெக்சாண்டர் பேரிலேயே அடித்தார்கள். முன்பக்கம் சிங்கத்தோல் போர்த்திய வீரன், பின்பக்கம் சிம்மாசனத்தில் உட்கார்ந்த சாமி. அலெக்சாண்டரின் வம்சத்தையே தீர்த்துக்கட்டிய பிறகும் அந்தக் காசு நிற்கவில்லை. காரணம், சிப்பாய்கள் அந்தக் காசைத்தான் வாங்கினார்கள்.

"செத்தவர் காசை எல்லாரும் வாங்குவாங்க" என்பார் ஏகாம்பரம் சார். "உயிரோட இருக்கறவர் காசைத்தான் ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க."

இதையெல்லாம் நாங்கள் பொழுதுபோக்காகக் கேட்டோம். இது எங்கள் சோற்றில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

தாமோதரன் முதலாளி திடீரென்று காலமானார். உயில் கியில் ஒன்றும் எழுதவில்லை. மகன்கள் இரண்டு பேர், பெரியவர் பாஸ்கர் சார், சின்னவர் சுதாகர் சார். வருஷம் திரும்புவதற்குள் கம்பெனியைப் பிரித்துக்கொண்டார்கள். பிரஸ்ஸும் டூல் ரூமும் இருக்கும் முதல் ஷெட் பெரியவருக்கு. பிளேட்டிங்கும் பேக்கிங்கும் இருக்கும் இரண்டாவது ஷெட் சின்னவருக்கு. நடுவில் தகரத் தடுப்பு எழும்பியது. மோகன் இந்தப் பக்கம் மாட்டினான். பேக்கிங்கில் இருந்த அவன் மனைவி சகுந்தலா அந்தப் பக்கம் மாட்டினாள். ஒரே டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வரும் ஊறுகாயை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேருக்கும் தினமும் தகராறு. இரண்டு முதலாளிகளிடமும் பாதிப் பாதிச் சம்பளம் வாங்கியவர் ஏகாம்பரம் சார் ஒருவர்தான்.

கேன்டீன் முதல் ஷெட்டை ஒட்டி இருந்தது. அதாவது பெரியவருடைய இடம். இரண்டாவது ஷெட் ஆட்களும் வழக்கம்போல 'தா' டோக்கனை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி வந்து சாப்பிட்டார்கள். கொஞ்ச நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு பாஸ்கர் சார் புது டோக்கன் அடிக்கச் சொன்னார். அதில் எழுத்து வேண்டாம், தன் முகம் வேண்டும் என்றார். கல்யாண ஆல்பத்திலிருந்து நேராகப் பார்க்கும் ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டு மேசையில் விரித்த படங்களை அவரும் ஒன்றிரண்டு தடவை நின்று பார்த்திருந்தார்.

மோகன் கைதேர்ந்த வேலைக்காரன். பத்து நாள் உட்கார்ந்து அச்சு வெட்டினான். ஓர் ஈயத் தகட்டில் அடித்துக் காட்டியபோது மீசை, கண்ணாடி, இரட்டைத் தாடை எல்லாம் அப்படியே இருந்தன. பாஸ்கர் சாருக்கு ரொம்பச் சந்தோஷம். "அடிச்சிடு" என்றார்.

அடித்தார்கள். பித்தளைக்கு எங்கே போவார்கள்? வழக்கமான கூடையிலிருந்து வாஷரை அள்ளிப் போட்டு அடித்தார்கள். எங்கள் கம்பெனியில் ஓட்டை இல்லாத வட்டம் என்ற ஒன்றே கிடையாது. டோக்கன் என்றால் நடுவில் ஓட்டை இருக்கும் என்பது எல்லோர் மண்டையிலும் ஊறிய விஷயம். யாரும் யோசிக்கவில்லை. அடித்து முடித்துக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தால் அத்தனை முகத்திலும் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்தப் பக்கம் தெரிகிறது.

கேன்டீனே சிரித்தது. நானும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சகுந்தலா ஒரு டோக்கனைக் கண்ணில் வைத்துப் பார்த்து, "மொதலாளி மூக்கு வழியா ஊரே தெரியுது" என்றாள். அந்த நேரத்தில் பாஸ்கர் சார் வாசலில் நின்றார்.

சிரிப்பு அத்தோடு போயிற்று. ஏகாம்பரம் சாரையும் என்னையும் ரூமுக்குக் கூப்பிட்டார். மோகன் வெளியே சுவரோரமாக நின்றான். "என்னாடா பண்ணி வச்ச?" என்று போகிற வழியில் நான் கேட்டதற்கு, "இத்தினி வருசமா ஓட்டை போட்டுகினே கீறேன்கா. எனக்கு அது ஓட்டையாவே தெரியல" என்றான். முகம் செத்துப் போயிருந்தது.

பாஸ்கர் சார் டோக்கனை மேசையில் வீசினார். "இவனை இன்னைக்கே அனுப்பிடுங்க."

"தப்பு அவன் தப்பு மட்டும் இல்ல சார்" என்றார் ஏகாம்பரம் சார். "ஓட்டை வேணாம்னு நீங்க சொல்லல. நானும் கேக்கல. இங்க யாருக்கும் தோணல."

"சிரிக்கிறாங்க சார் என்னைப் பாத்து."

"சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"அந்தக் காலத்துல காசைச் சுத்தியலால அடிச்சாங்க சார். வெள்ளித் துண்டு கொஞ்சம் நகர்ந்துட்டா ராஜா மூக்கு காசுக்கு வெளியே போயிடும். அதுவும் செல்லுச்சு. உள்ள செம்பு வச்சிருக்கான்னு பாக்க வியாபாரி ராஜா கன்னத்துலயே உளியை வச்சு வெட்டுவான். அதுக்காக அச்சு வெட்டறவனை வேலையை விட்டு எடுத்ததா நான் எங்கயும் படிக்கல."

பாஸ்கர் சார் மேசையில் கிடந்த டோக்கனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி, மோகன் இருக்கட்டும்" என்றார். "வெளியில கொடுத்து ஓட்டை இல்லாம அடிக்கச் சொல்றேன். திங்கட்கிழமைலேருந்து அந்த டோக்கன் மட்டும்தான் செல்லும். என் ஆளுங்களுக்குத்தான் கொடுப்பேன். சர்குலர் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டு ஒட்டிடுங்க. காந்திமதி அம்மா, கேட்டுக்கிட்டீங்களா?"

"ரெண்டாவது ஷெட் ஆளுங்க மத்தியானம் என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டார் ஏகாம்பரம் சார்.

"அவங்க முதலாளி பாத்துப்பான்."

"தாலமின்னு ஒருத்தன் எகிப்துல இதைத்தான் செஞ்சான் சார். தன் மூஞ்சி போட்ட காசு மட்டும்தான் செல்லும்னுட்டான். வெளியூர்க் காசைக் கொண்டுவந்தா துறைமுகத்துலயே பிடுங்கிட்டு, எடை கொறஞ்ச தன் காசைக் கொடுத்தான். அவனுக்கு அது நடந்துச்சு. ஏன்னா சுத்தி கடல், பாலைவனம். நமக்குச் சுத்தி வெறும் தகரம். இந்தப் பக்கம் மோகன் சாப்பிடுவான், அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி பட்டினியா நிப்பா. அவனுக்குச் சோறு எறங்குமா?"

"நீங்க யார் ஆளு?" என்று கத்தினார் பாஸ்கர் சார்.

"உங்க அப்பா வேலைக்கு வச்ச ஆளு."

"அப்பா, அப்பா! கதவுல அப்பா எழுத்து, மெஷின்ல அப்பா எழுத்து, சோத்து டோக்கன்ல அப்பா எழுத்து. நான் எங்க சார் இருக்கேன் இந்தக் கம்பெனில?"

அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அதுவரை எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது. ஏகாம்பரம் சாரும் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க மூஞ்சி வேணாம்னு நான் சொல்லல சார். இப்போ வேணாம்னு சொல்றேன். தாலமியே பல வருஷம் அலெக்சாண்டர் பேர்லதான் அடிச்சான். பொறுத்திருந்துதான் தன் மூஞ்சியைப் போட்டான்" என்றார். ஆனால் சர்குலரில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மறுநாள் அவருடைய நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி ரூமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சர்குலர் வேறொருவர் கையெழுத்தில் ஒட்டப்பட்டது.

நான் டீ எடுத்துக்கொண்டு அந்த ரூமுக்குப் போனேன். மின்விசிறி இல்லாத ரூம். வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும் சார்?" என்று கேட்டேன். எனக்கு அப்போது அந்தக் காண்ட்ராக்ட் ஒன்றுதான் வருமானம். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பி இரண்டு பெண்கள் பாத்திரம் கழுவினார்கள்.

"நான் சொல்ல மாட்டேன் காந்திமதி அம்மா. உங்க காண்ட்ராக்ட் போனா என்னால வாங்கித் தர முடியாது. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். எந்த ராஜா வேணா காசு அடிக்கலாம். அது செல்லுமா செல்லாதாங்கறது வாங்கற கையிலதான் இருக்கு. இங்க வாங்கற கை உங்களுது."

"நல்லா இருக்கு சார். பாரத்தைத் தூக்கி என் தலைல வச்சிட்டு நீங்க ஜாலியா புஸ்தகம் படிங்க" என்று டீ டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு வந்தேன். நிஜமாகவே கோபம். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை புது டோக்கன் வந்தது. பளபளவென்று, ஓட்டை இல்லாமல், மூக்கோடு. முதல் ஷெட் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் வரிசை நின்றது. இரண்டாவது ஷெட் ஆட்கள் தடுப்புக்கு அருகில் வந்து நின்றார்கள், உள்ளே வரவில்லை. சகுந்தலா கையில் பழைய டோக்கனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மோகன் வரிசையில் முதல் ஆளாக நின்றவன், தட்டை எடுக்காமல் ஒதுங்கி நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் தட்டை எடுக்கவில்லை.

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. ஆறின சாம்பார் ஊற்றுவது எனக்குப் பிடிக்காது.

"என்னா நின்னுகிட்டு? டோக்கனைப் போட்டுட்டு வாங்க" என்றேன், தகரத்தைப் பார்த்து. சகுந்தலாதான் முதலில் வந்தாள். பெட்டியில் அவள் டோக்கன் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எல்லோரும் வந்தார்கள். முதல் ஷெட் ஆட்களிலும் பாதிப் பேர் பையைத் துழாவிப் பழைய டோக்கனைத்தான் போட்டார்கள். கையில் மிச்சம் வைத்திருந்தார்கள் போல.

பாதிப் பந்தியில் பாஸ்கர் சார் வந்தார். கேன்டீனில் சாப்பிடாதவர். இரண்டு ஷெட் ஆட்களும் கலந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் மெல்லவும் இல்லை. நேராக என்னிடம் வந்து, "எனக்குச் சாப்பாடு இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு வாயில் வந்தது பழக்கத்தில் வந்த வார்த்தைதான். "டோக்கன்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்டேன் என்று உறைத்தது. அவர் பையில் கைவிட்டுத் தன் முகம் போட்ட டோக்கனை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக் கம்பியில் கோக்கப் பார்த்தேன். அதுவும் பழக்கம்தான். கோக்க முடியவில்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தட்டில் சோறு போட்டேன். அவர் அந்த டோக்கனையும் கம்பியையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் மோகனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க ராஜாக்கள்ல சண்டை போடாம இதைத் தீர்த்தவன் யாராவது இருக்கானா?" என்று கேட்டாராம்.

"சண்டை போடாதவன் ஒருத்தனும் இல்ல சார். ஆனா லைசிமாக்கஸ்னு ஒருத்தன் இருந்தான். முன்பக்கம் செத்துப்போன அலெக்சாண்டர் முகத்தைப் போட்டான், பின்பக்கம் தன் பேரைப் போட்டான்."

அப்படித்தான் எங்கள் புது டோக்கன் வந்தது. ஒரு பக்கம் அப்பாவின் 'தா'. மறுபக்கம் பெரியவர் ஆட்களுக்கு 'பா', சின்னவர் ஆட்களுக்கு 'சு'. நடுவில் ஓட்டை. நான் இரண்டு கம்பியில் கோப்பேன், அவரவர் கம்பிக்கு அவரவர் பணம் கொடுப்பார்கள். சின்னவர் உடனே தலையாட்டினார். தனிக் கேன்டீன் கட்ட அவரிடம் வசதி இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஏகாம்பரம் சாரின் நாற்காலியும் பழைய இடத்துக்கு வந்தது. என் காண்ட்ராக்டும் தப்பியது. "பாத்தீங்களா, உங்க கை" என்று அவர் ஆரம்பித்தபோது, "சார், பேசாம சாப்பிடுங்க, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றேன்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று முடிக்கத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. சில வருஷங்களில் நிலத்தின் விலை ஏறி, அதில் சண்டை வந்து, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பெரியவர் ஒரகடம் பக்கம் போய்விட்டார். கேன்டீன் மூடப்பட்டது. ஆனால் அது மூடும் நாள்வரை இரண்டு ஷெட் ஆட்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஏகாம்பரம் சார் செய்தது அவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வேலப்பன்சாவடியில் இறங்கி, நடந்து என் மெஸ்ஸுக்கு வருவார். மெஸ்ஸில் சாப்பிடும் ஐ.டி. பிள்ளைகளிடம் காசுப் படங்களைக் காட்டுவார். இப்போது போனில் பெரிதாக்கிக் காட்டலாம் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட குஷி. போன மாதம் கடைசியாக வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட சில கிரேக்க ராஜாக்களைப் பற்றிப் பேசினார்.

"அவங்க இருந்தாங்கங்கறதுக்கு ஒரே சாட்சி அவங்க காசுதான் காந்திமதி அம்மா. எந்தப் புத்தகத்துலயும் பேரில்ல. மூஞ்சி தெரியுது, பேர் தெரியுது. நல்லவனா கெட்டவனா, என்ன சாப்பிட்டான், யாரோட சிரிச்சான், ஒண்ணும் தெரியாது."

"அதனால என்ன சார்? தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியணும்" என்றார், குழந்தை மாதிரி. மோர் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

பருத்திப்பட்டு வீட்டில் சாவு அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது. நான் மெஸ்ஸில் சமைத்து, மோகனின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கம்பெனி ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். தகனம் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டு மாடியில் பந்தி போட்டேன். ஒரே வரிசைதான் போட இடம் இருந்தது. சுதாகர் சார் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாஸ்கர் சார் படியேறி வந்தார். காலியாக இருந்த ஒரே இலை தம்பிக்கு அடுத்த இலை. நின்றார். மோகன் பரிமாறுவதை நிறுத்திவிட்டான். நான் அவனை ஒரு முறை முறைத்ததும் திரும்பவும் கூட்டு வைக்க ஆரம்பித்தான். பாஸ்கர் சார் உட்கார்ந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சாதம் போட்டேன், சாம்பார் ஊற்றினேன். சாப்பிட்டார்கள். ரசம் கொண்டுவந்தபோது எனக்குக் கண் மறைத்துவிட்டது. சின்னவர் இலையைத் தாண்டிப் போய்ப் பெரியவருக்கு ஊற்றினேன்.

"அவனுக்கு ரசம் வரலை பாருங்க" என்றார் பாஸ்கர் சார், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

திரும்பி வந்து ஊற்றினேன். சுதாகர் சார் சாப்பிட்டு முடித்த பிறகும் அண்ணன் எழும்வரை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் மாடிச் சுவரோரம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இதைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்களே, ஏகாம்பரம் சார், என்று வாய்விட்டே சொன்னேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பாத்திரங்களைக் கழுவி ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். பார்வதி அம்மாளிடமும் சொல்லவில்லை, படத்துக்கு முன்னால் நின்று உங்களிடமும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு படியிறங்கினேன். இந்த நினைவுக் கூட்டத்தில் அந்தத் தடை இல்லை.

வருகிறேன், சார்.